இருபத்து நாலு மணி நேரக் கேன்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஆறு வருடமாகப் பெருமாளிடம் கேட்டுவருகிறேன். அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். (எட்டாவதோடு நின்றவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறேன். உற்சவம் வந்தால் பெருமாளைத் தோளில் சுமப்பேன். ஒருமுறை பாதி வீதியில் விலாவில் சுரீரென்றது, எலும்பில் விரிசல். "இனிமே நீ தோள் குடுக்காதபா" என்றுவிட்டார்கள் கூடச் சுமந்தவர்கள். விரிசலைவிட அதுதான் வலித்தது.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். கழுத்தில் அரிசியளவு நான்கு சுரப்பிகள், பெயர் பாராதைராய்டு. எனக்கு அதில் ஒன்று ஹார்மோனை அளவுக்கு மேல் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடுகிறதாம்.

"ஒரு நாள் முழுக்கப் போற யூரினை இந்தக் கேன்ல பிடிச்சுனு வாங்க. அதுல கால்சியம் எவ்ளோ போவுதுன்னு பார்த்துட்டுத்தான் ஆபரேஷன். கொஞ்சம் சிந்தினாலும் மறுபடி முதல்லேர்ந்து!"

பிடித்தேன். மறுநாள் காலை, வெளியே தெரியக்கூடாது, வெயிலில் சூடேறவும் கூடாதென்று என் மனைவி கேனுக்கு மஞ்சள் துணியை நனைத்துச் சுற்றினாள். நான் குளித்து, நாமம் போட்டு, வழுக்குமென்று செருப்பையும் விட்டு, கேனை இரு கையாலும் மார்போடு அணைத்துக் கிளம்பினேன். அன்று துவாதசி. எங்கள் ஊரில் இந்தக் கோலத்தில் ஒருவன் வந்தால் கையில் என்ன இருக்கும்? திருமஞ்சனத் தீர்த்தம்!

கற்பூரக் கடைக்காரர் வரதன் எழுந்து நின்றார். "தள்ளுபா, தீர்த்தம் வந்துக்கினு இருக்குது!"

ஆட்டோ நின்றது. நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெட்கத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதை மௌன விரதம் என்றார்கள். எதிர்வீட்டு கோமளா குறுக்கே வந்து கையைக் குவித்தாள்.

"ஒரு சொட்டு குடுண்ணா."

தலையை ஆட்டி மறுத்தேன்.

"ஏகாதசி பட்டினி கெடந்திருக்கேன், எனக்கு இல்லியா?" என்று மூடியைத் திருகவே ஆரம்பித்துவிட்டாள்.

"தொடாதம்மா! அது என் மூத்திரம்!"

தெருவே உறைந்தது. முதலில் தெளிந்தவர் வரதன்தான். "வழி விடுங்கபா! சிந்திடப் போவுது!" முன்னைவிட அகலமாக வழி கிடைத்தது.

லேபில் சொட்டுக் குறையாமல் ஒப்படைத்தேன். அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். எலும்பு தேற ஒரு வருடம் ஆனது. அடுத்த கருட சேவையில் என் தோள்மேல் பெருமாள்! கூட்டத்திலிருந்து கோமளா கத்தினாள்: "அண்ணா, இன்னிக்கு கேன் எங்க?" சுமந்தவர்கள் எல்லோரும் சிரிப்பில் குலுங்கினோம். என் தோள் மட்டும் இம்மி இறங்கவில்லை.

இன்றும் வீட்டில் யாருக்காவது நான் தீர்த்தம் கொடுத்தால், என் மகள் சத்தமாகக் கேட்பாள்: "அப்பா, இது கோயில்லேர்ந்து வந்ததுதானே?"

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எலும்பு வலிக்காரர் எவராவது டாக்டரிடம் போகட்டும். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கேனுக்குள் இருந்தது தீர்த்தமாக மாறிவிட்டது என்று பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே ஒருவர் சேர்த்துவிட்டார். மாறவில்லை. நான் சாட்சி.