எண்ணூர்க் காற்றின் மேல் ஒரு வழக்கு

காரணம் கண்டுபிடிக்கும் மனிதர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலை கெட்டால் வானத்தைக்கூடச் சந்தேகிப்பார், தன் கையை மட்டும் சந்தேகிக்க மாட்டார்.

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் வேதமாணிக்கம் அந்த இனத்தின் அசல் வாரிசு. அன்று அவருக்கு நேரம் சரியில்லை. காட்டுப்பள்ளியில் கப்பல் பழுதுபார்க்கும் ஜோ, கடினப்படுத்திய எஃகுத் தண்டு ஒன்றைக் கொடுத்து, "சாய்ங்காலத்துக்குள்ள கடைஞ்சு குடுக்கலன்னா பக்கத்துப் பட்டறைக்குப் போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதியத்துக்குள், லேத்தில் உலோகத்தைச் சீவும் வைர முனைகள் இரண்டு மழுங்கிவிட்டன.

குற்றவாளி யார்? கடல் காற்று, அனல்மின் நிலையச் சாம்பல், நெட்டுக்குப்பத்தில் காயும் கருவாட்டின் வாசம், போதாக்குறைக்கு, லேத் ஓட்டும் ரேச்சல் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ரசத்தின் ஆவி.

"உப்புக் காத்துமா. வைரத்தயே துன்னுகினு கீது."

"ஒரு மாசமா அலுமினியம் அறுக்கசொல்லவும் இதே காத்துதானே அண்ணே அடிச்சுது?"

"அது போன மாசத்துக் காத்து."

ரேச்சல் விடவில்லை. "சூடான இரும்பு வைரத்தக் கரைச்சுடும்ணே. எஃகுக்குன்னே வாங்குன போரான் முனை டப்பால சும்மா கீது."

"வைரத்தவுட அது ஒசத்தியா? வெல இன்னான்னு தெரியுமா உனக்கு?"

விலை அதிகமானது எதையும் வெட்டும். இதற்கு மேல் என்ன வாதம்? கடைசி வைர முனையை மாட்டச் சொல்லிவிட்டு, சாக்குகளை நனைத்துச் சன்னல்களில் தொங்கவிட அவர் வெளியே போனார். கோணிக்குப் பின்னால் அவர் தலை மறைந்ததும் ரேச்சல் டப்பாவைத் திறந்தாள்.

தண்டு கண்ணாடிபோல் வந்தது. முகம் பார்த்துத் தலைவாரலாம். ஜோ தடவிப் பார்த்து, இன்னும் பத்துத் தண்டு அனுப்புவதாகச் சொன்னார்.

"பாத்தியா? காத்த நிறுத்துனேன், வைரம் நின்னுச்சு" என்றார் வேதமாணிக்கம்.

ரேச்சல் வாயைத் திறந்தாள். பத்துத் தண்டு நினைவுக்கு வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாண்ணே. சாக்குதான்."

இப்போது அந்தப் பட்டறையில் தினமும் காலையில் சாக்குக்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் லேத் ஓடுகிறது. ஒரு முனைகூடத் தேயவில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? ரொம்பச் சரி. இதைப் படித்துச் சிரிப்பு வராமல் போயிருந்தால் மட்டும் சொல்லுங்கள்: அறையில் வெளிச்சம் போதவில்லை, அப்படித்தானே?