என் முகத்துக்கு நானே ஐஸ் வைத்த கதை

அந்த வருஷக் காலண்டரில் லட்சுமி வேண்டாம், முருகன் வேண்டாம், நானே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு கட்டினேன்!

நயா பைசா வந்த புதுசு. விருதுநகரில் எனக்கு மிளகாய் வத்தல் மண்டி. வருஷா வருஷம் சிவகாசியில் காலண்டர் அடித்து வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பது வழக்கம். மேலே சாமி படம், கீழே பொடி எழுத்தில் 'தனுஷ்கோடி மிளகாய் மண்டி'. மிளகாய் விற்பது நான், கும்பிடு வாங்குவது சாமியா? என்ன நியாயம் இது!

என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, உடம்பு. கொஞ்சம் தாட்டியம். மண்டியில் அசந்து படுத்திருந்தபோது கூலிக்காரன் மூட்டை என்று நினைத்து என்னைத் தூக்கப் பார்த்ததுண்டு. இன்னொன்று, மூக்கு. எங்கள் தெருவில் காக்காய்கூட ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் கரையும். எனக்கு மட்டும் தும்மலே கிடையாது. வத்தல் நெடியிலேயே கிடந்து கிடந்து, மிளகாயைப் பொறுத்தவரை என் மூக்கு எப்போதோ செத்துப்போனது. அதில் எனக்குப் பெருமை வேறு!

என் மனைவி வெள்ளைத்தாய் அந்த வருஷம் கஜலட்சுமி கேட்டிருந்தாள்.

"தாமரையில லட்சுமி உக்காந்திருக்கணும். பின்னால யானை நிக்கணும். அந்தப் படந்தான் போடணும், சொல்லிட்டேன்."

"ஆகட்டும் தாயி" என்றேன். வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

ஆனால் மண்டிக்கு வந்ததும் நான் சிங்கம். காலண்டர் ஆர்டர் எடுக்க வந்த அலி அக்பர் பாயைத் தனியே கூப்பிட்டேன்.

"பாய், இந்த வருசம் என் போட்டோ!"

பாய், மாடு வாங்க வந்தவர் மாதிரி என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"போட்டுரலாம் அண்ணாச்சி. மூஞ்சிதான்…"

"மூஞ்சிக்கு என்ன?"

"கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குதே. ஆளுக்கு அரைப்படி வத்தல் பிடிக்கும் போல. மெட்ராசுல சினிமாக்காரங்க என்ன செய்றாக தெரியுமா? ஐஸ்! விடிஞ்சதும் ஐஸ் கட்டியை எடுத்து மூஞ்சில தேய்ப்பாக. வீக்கம் வத்திரும், தோல் இறுகிரும், பத்து வயசு ஓடிரும். தலைச்சூடு, கண்ணெரிச்சல் அம்புட்டுக்கும் அது கேக்கும்."

"எனக்கு இருவது வயசு ஓடணுமே!"

"அப்பப் பெரிய கட்டியா வாங்குங்க."

திட்டம் தயார். வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைத்தாய் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்து பாய் போட்டோக்காரரைக் கூட்டி வரவேண்டியது. வியாழக்கிழமை, "தலைச்சூடு தாங்கல, டாக்டரு ஐஸ் வைக்கச் சொல்லிட்டாரு" என்று வீட்டில் அளந்துவிட்டு, மண்டியில் கிடந்த காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

ஐஸ் கம்பெனியில் ஆட்டுரல் அளவுக்கு ஒரு கட்டி. மரத்தூளைத் தூவி என் சாக்கில் சுற்றிக் கொடுத்தவன் அடுக்கடுக்காகத் தும்மினான். பாவம், ஐஸிலேயே பிழைப்பவன், சளி பிடித்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தும்மினார். பின் சீட் தும்மியது. கண்டக்டர் தும்மியதில் விசில் பறந்து ரோட்டில் விழுந்தது. எனக்குப் புல்லரித்தது! பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கே இப்படிக் குளிர் ஏறினால், தேய்த்தால் முகம் என்னமாய்ப் பொங்கும்!

வாசலில் சாக்கை இறக்கினேன். வெள்ளைத்தாய் குனிந்து பார்த்தாள். ஒரு தும்மல். சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ராத்திரி கட்டியை உமிக்குள் புதைத்து வைத்தோம். விடிந்தபோது ஆட்டுரல் குழவியாக இளைத்திருந்தது. அவளோ கோயிலுக்குக் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை.

"நேரமாகலையா தாயி?"

"உங்க தலைச்சூட்டைப் பாக்காம எப்பிடிப் போக?"

சுத்தியலால் கட்டியை உடைத்தாள். நடுவிலிருந்து பளிங்கு மாதிரி ஒரு துண்டை எடுத்து, "சாமிக்குப் பானகம் கரைக்க" என்று ஒதுக்கிவைத்தாள். மிச்சத்தை அதே சாக்கில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"சாக்கோடயே தேய்ங்க. வெறுங்கையில பிடிச்சா விறைச்சிரும். நல்லா அழுத்தித் தேய்க்கணும், ஆமா!"

என்ன கரிசனம்! கண் கலங்கிவிட்டது எனக்கு. அவள் உள்ளே போனதும் கொல்லை முற்றத்தில் நின்று தேய்த்தேன். நெற்றி, கன்னம், கண்ணுக்குக் கீழே இரண்டு பை. முகம் மரத்தது. இன்னும் தேய்த்தேன். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. லேசாக ஒரு விறுவிறுப்பு ஏறியது. ஆகா, வயசு ஓடுகிறது!

ஓடியது வயசு இல்லை. மரமரப்பு.

அது ஓடிய மறு நிமிஷம் என் முகத்தில் சிவகாசிச் சரவெடியைக் கொளுத்திப் போட்ட மாதிரி இருந்தது. கண்ணுக்குள் மத்தாப்பு, காதுக்குள் புஸ்வாணம். நான் போட்ட கூச்சலில் ஜங்ஷனில் நின்ற ரயில் கிளம்பிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

"ஏ தாயி! மோரு! மோரு எங்கன?"

"அந்தா, உங்களுக்குப் பின்னாலதான் அண்டா நெறைய இருக்கு."

அத்தனை மோர் அங்கே எப்படி வந்தது என்று கேட்க எனக்கு நேரமில்லை. குனிந்து தலையை உள்ளே விட்டேன். வாசலில் குதிரை வண்டிச் சத்தம். பிறகு முற்றத்துக்குள் காலடிகள்.

"மதினி, தலையைக் கொஞ்சம் நிமுத்துங்க. ஆங், சிரிங்க" என்று பாயின் குரல்.

மோரிலிருந்து வாயை மட்டும் எடுத்தேன். "பாய்! யாரைப் போட்டோ எடுக்கீக?"

"மதினியைத்தான் அண்ணாச்சி. நேத்து நீங்க மதுரைக்குப் போயிருந்தப்ப எத்தனை மணிக்கு வரணும்னு கேக்க வீட்டுக்கு வந்தேன். மதினி ஆர்டரையே மாத்திட்டாக."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பட்டுச் சேலை, காசுமாலை. வெள்ளைத்தாயின் முகம் கழுவிவைத்த வெள்ளிக் குடம் மாதிரி மின்னியது.

"பாய் சொன்னது நெசந்தாங்க. நடுக்கட்டியை நல்ல தண்ணில அலசித் தேச்சேன். பத்து வயசு ஓடிருச்சு."

"அப்ப இந்தச் சாக்கு?"

"வத்தல் அள்ளுன சாக்கு. எனக்கு வாசல்லயே தும்மலு வந்துச்சே!"

"சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"தலைச்சூடுன்னீக. சூட்டைச் சூடுதான் எடுக்கும்னு விட்டுட்டேன்."

மார்கழியில் காலண்டர் கட்டு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தேன். வெள்ளைத்தாய் ஜம்மென்று நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலண்டர் கம்பெனி ஓவியர் நாற்காலியை மறைத்துத் தாமரை எழுதியிருந்தார். அவளுக்குப் பின்னால், அண்டாவுக்குள் தலையை விட்டுக் குனிந்தபடி, என் பின்பக்கம்! பாவம், அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. சாம்பல் வர்ணம் அடித்திருந்தார்.

"என்ன அநியாயம் இது!" என்று கத்தினேன்.

வெள்ளைத்தாய் காலண்டரை மண்டிச் சுவரில் மாட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

"ஏன், நான் கேட்ட படந்தான வந்திருக்கு? லட்சுமி உக்காந்திருக்கா. பின்னால யானையும் நிக்குது."