தலைகீழ்ச் சிங்கம்

"இன்னா சார், சிங்கம் இன்னும் தலைகீழாத்தான் நிக்குதா?"

பாண்டிச்சேரி நாணயக் கண்காட்சியின் வாசலிலேயே அசோகனுக்கு இந்த மரியாதை கிடைத்தது. டிக்கெட் கிழிப்பவனுக்குக்கூட விஷயம் தெரிந்திருந்தது. அவர் டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே போனார்.

கல்யாண மண்டபம் முழுக்க மேசை போட்டிருந்தார்கள். சோழன் காசு, நவாப் காசு, பிரெஞ்சுக்காரன் காசு என்று ஜனங்கள் மொய்த்துக்கொண்டிருக்க, அசோகன் மட்டும் ஓர் ஓரத்து வியாபாரியின் டப்பாவுக்குள் கையை விட்டு, சாதா ஒரு ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அதை மரக்காணத்திலேயே, பஸ் ஏறுகிற செலவு இல்லாமல் செய்திருக்கலாம். அங்கேயும் செய்துகொண்டுதான் இருந்தார்.

விஷயம் இதுதான். ஒரு ரூபாய்க் காசைக் கதிர் போட்ட பக்கம் நேராகப் பிடித்துக்கொண்டு, அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கம் சிங்கம் நேராக நிற்க வேண்டும். எப்போதாவது அச்சு திரும்பிக்கொண்டால் சிங்கம் தலைகீழாக நிற்கும். அப்படி ஒரு காசு 2004 ஆகஸ்டில், டீக்கடைச் சில்லறையோடு அசோகன் கைக்கு வந்தது. ஒரே ஒரு சாயங்காலம் அவரிடம் இருந்தது. உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து, வெளிச்சம் போகிற வரைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்தேன் என்று இன்றைக்கும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவார். மறுநாள் சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் காசைக் காணோம்.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இருபது வருஷமாக அதே டீசல் இன்ஜினை ஓட்டி, அதே பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற மனுஷன் அவர். ஊரெல்லாம் சுற்றின ஒரு காசு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் தன்னைத் தேடி வந்ததே என்ற நினைப்பு அவரை விடவில்லை. விற்கிற ஆசையெல்லாம் கிடையாது. இன்னும் ஒரே ஒரு தடவை அதைக் கையில் வைத்துப் புரட்ட வேண்டும். சோறு சாப்பிடும்போதுகூட அவருடைய கட்டைவிரல் தானாகப் புரளும்.

காசு சேர்ப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் தட்சணாமூர்த்தி கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டபடி வந்து நின்றார். ரிட்டயரான பேங்க் ஆபீசர். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்.

"அசோகன், அடுத்த மாசக் கண்காட்சியில பிழைக் காசுக்குன்னே தனி மேசை போடறோம். முதல் இடம் உங்களுக்கு. கொண்டாந்து வைங்க. இல்லன்னா இந்தக் கதைய இத்தோட விட்டுருங்க. புது மெம்பருங்க எல்லாம் சிரிக்கறாங்க."

'அது தொலைஞ்சு போச்சு சார்' என்று வழக்கம்போலச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற நாலு பேர் அப்போதே சிரித்துவிட்டார்கள். அசோகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கொண்டாறேன் சார்."

"அப்போ, கெடைச்சிடுச்சா?"

"ம்... கெடைச்சிடுச்சு."

வாய் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி சுலோசனா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இந்தாங்க, உங்க இன்ஜின் நட்டு. சட்டையில கெடந்துது."

"கூட ஒரு பத்து ரூபா நோட்டும் இருந்துச்சே?"

"அது எனக்கு. சட்டையில கெடக்கிறது தொவைக்கிறவளுக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதானே சட்டம்?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "இன்னிக்கும் கெடைக்கலியா?"

அவர் தலையை ஆட்டிவிட்டு, மாதாந்திரச் சோதனையை ஆரம்பித்தார். பிஸ்கட் டப்பா, டி.வி.க்கு அடியில், பாய்க்கு அடியில், மயிலம் முருகன் படத்துக்குப் பின்னால். படத்து ஆணியில் ஒரு மஞ்சள் முடிச்சு தொங்கியது. பத்தாவது படிக்கிற மகள் யுவராணியின் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டதாக இருக்கும். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நகர்த்தி, பின்னால் தடவிப் பார்த்தார். பல்லி முட்டைதான் இருந்தது.

மறுநாள் கண்டக்டர் குழந்தைசாமியைப் பிடித்தார்.

"குழந்த, உன் பையக் காட்டேன். ஒரு ரூபா காசு மட்டும் பார்த்துட்டுத் தந்துடறேன்."

"எத்தினி நேரம் ஆவும்?"

"ரெண்டே நிமிஷம்."

நாற்பது நிமிஷம் ஆனது. பஸ்ஸுக்குள் ஜனங்கள் வெந்துகொண்டிருந்தார்கள். கூனிமேட்டுக்குப் போகிற பெரியவர் ஒருத்தர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்பா, அப்படி இன்னாதான் தேடுறே?" என்று கத்தினார்.

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்த அசோகன், உண்மையைச் சொன்னார். பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர். ஐம்பத்திரண்டு பேரும் அந்த நிமிஷமே தங்கள் காசை எடுத்துப் புரட்டினார்கள். அப்புறம் குழந்தைசாமி சில்லறை கேட்டபோது ஒருத்தரும் தரவில்லை.

பஸ் கூனிமேடு போய்ச் சேரும்போது அந்தக் காசு பத்தாயிரம் பெறும் என்று ஆகியிருந்தது. வானூரில் லட்சமானது. குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் சூட்கேஸோடு வந்து காத்திருப்பதாக, பார்த்தவர்களே சொன்னார்கள். மூன்றாம் நாள் மரக்காணத்தில் ஒரு ரூபாய்க் காசு என்ற பேச்சே இல்லை. எல்லாம் அரிசிப் பானைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கடைகளில் பாக்கிக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

உப்பு வாருகிற அஞ்சம்மாள், கை நிறைய மிட்டாயோடு இன்ஜின் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்பா அசோகா, இத்த குடுத்தா பஸ்சுல ஏத்துவானா? நானே சக்கரை வியாதிக்காரி!"

பாவமாகப் போய்விட்டது அவருக்கு. மத்தியானம் இன்ஜினை நிறுத்திவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். "அதுல ஒன்னுமே இல்லங்க. வெறும் ஒத்த ரூபாதான். வெளிய எடுத்துச் செலவு பண்ணுங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஜனங்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவர் தெருமுனை திரும்பியதும், "வேல வெட்டிய விட்டுட்டு, ஒன்னுமில்லன்னு ஊடு ஊடா வந்து சொல்றான்னா, பெருசா என்னமோ இருக்குதுடி" என்று பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகளும் மறைந்தன.

"பேசாம சுனாமில போயிடுச்சுன்னு சொல்லிடுண்ணே. பாண்டிக்காரனுங்க நம்பிடுவானுங்க" என்றான் கூட வேலை செய்யும் கொளஞ்சி.

"வாயக் கழுவுடா. அது தொலைஞ்சது ஆகஸ்டுல. கடலு எடுத்துகிட்டது போதாதா, என் ஒத்த ரூபாயும் அது தலைலதான் கட்டணுமா?"

கொளஞ்சி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் போய்விட்டான்.

கண்காட்சிக்கு முதல் நாள் சனிக்கிழமை. காலையில் அம்மன் கோயிலில் உண்டியல் திறந்தார்கள். ஊரில் காசு இருக்கிற ஒரே இடம் அதுதான். காசு எண்ணுவதற்கு வலியப் போய் முதல் ஆளாக உட்கார்ந்தார் அசோகன். மற்றவர்கள் நூறு எண்ணுவதற்குள் இவர் ஏழு காசைப் புரட்டியிருந்தார்.

"சார், எண்ணச் சொன்னா மந்திரம் போடறீங்களா?" என்றார் கோயில் கணக்கர். "நீங்க காசுப் பக்கமே வராதீங்க. இந்த மஞ்ச முடிச்சையெல்லாம் பொறுக்கித் தனியா வையுங்க, போதும்."

அதையும் செய்தார். மனசில் ஒன்றை நினைத்து, ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தில் கட்டுகிற முடிச்சு. நினைத்தது நடக்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. நடந்துவிட்டால் முடிச்சோடு கொண்டுவந்து உண்டியலில் போட்டுவிட வேண்டும். முந்நூறு முடிச்சுக்கு மேல் குவிந்துவிட்டது. முந்நூறு பேருக்கு நினைத்தது நடந்திருக்கிறது. அசோகன் ஒரு முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இவ்வளவு பேரில் நான் ஒருத்தன் மட்டும் என்ன பாவம் பண்ணினேன் என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டில் சுலோசனா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யுவராணி சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அசோகன் பிஸ்கட் டப்பாவை எடுத்து, இவ்வளவு நாள் சேர்த்த காசுகளைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார்.

"சுலோ, நாளைக்குப் பாண்டிக்குப் போய், பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிக்குங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன். இனிமே தேடப் போறதில்ல. போதும்."

சுலோசனாவின் கை முறத்திலேயே நின்றது.

"அப்படிச் சொல்லாதீங்க. கெடைக்கும்னு நான் நம்பிகிட்டுத்தான இருக்கேன்?" அவள் முருகன் படத்தைக் காட்டினாள். "அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"யுவராணி பரீச்சைக்கு."

"எனக்கா?" என்றாள் யுவராணி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "அம்மா எனக்கெல்லாம் வேண்டிக்கலப்பா. படிடின்னுதான் சொல்லும்."

"உங்க காசு திரும்பக் கெடைக்கணும்னுதாங்க" என்றாள் சுலோசனா. "நீங்க தெனமும் வெரலப் புரட்டிகிட்டுச் சாப்பிடறதப் பார்க்க எனக்குத் தாங்கல."

அசோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாண்டிச்சேரியே சிரித்த ஒன்றரை வருஷமும் அவள் ஒருத்தி நம்பியிருக்கிறாள். தட்சணாமூர்த்தி நம்பாவிட்டால் போகட்டும் என்று தோன்றியது. எழுந்து படத்துக்குக் கிட்டே போய் அந்தச் சின்ன முடிச்சை ஆசையாகப் பார்த்தார். அழுகையை மறைக்கக் கேலியாக ஏதாவது பேச வேண்டுமே.

"காசு காணோம்னு நான் கத்துற நேரத்துல, அவசரத்துக்கு உனக்கு மட்டும் ஒத்த ரூபா எங்கேர்ந்து வந்துச்சு? என் டப்பாவுல கைய வெச்சியா?"

"உங்க டப்பாவ நான் எதுக்குத் தொடப் போறேன், அன்னிக்குக் காலையில உங்க காக்கிச் சட்டையத் தொவைக்கிறப்ப ஒத்த ரூபா விழுந்துச்சு, அதத்தான் முடிஞ்சேன்... ஐயய்யோ, கைய எடுங்க, நீங்க தேடறது கெடைக்கிற வரைக்கும் அத அவுக்கக் கூடாது!"