எண்பத்தொண்ணு திட்டிய வீடு

தஞ்சாவூர் ஜில்லாவில் 'எண்பத்தொண்ணு' என்று நாங்கள் கூப்பிட்டவர் அளவுக்கு வீடுகளைக் கேவலப்படுத்திய மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும், திட்டுவதற்குப் பழைய வீடு மிச்சமிருக்காது. இதில் விசேஷம், வீட்டுக்காரர்களே கட்டணம் கட்டி, காபியும் கொடுத்துத் திட்டச் சொன்னார்கள்.

தொழில், சொத்து மதிப்பீடு. பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்தபோது, மேலதிகாரி கட்டிய மதகை மேலதிகாரியிடமே திட்டி, சீக்கிரமே ஓய்வு பெற்றவர். உண்மைப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயரைக் கொடுத்தது வருமான வரிச் சட்டம். பரம்பரை வீட்டை விற்றால், விற்ற விலைக்கும் 1981 ஏப்ரல் ஒன்றாம் தேதி அதற்கு இருந்த மதிப்பை விலைவாசிக்கேற்பப் பெருக்கிய தொகைக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு அப்போதெல்லாம் வரி. ஆகவே எண்பத்தொன்றின் மதிப்பு மலையாகவும் இன்றைய மதிப்பு மடுவாகவும் இருப்பது உத்தமம். பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, பூட்டிய வீடுகள் வரிசையாக விலைக்கு வந்த காலம் அது. இவர் காட்டில் நல்ல மழை.

மற்ற மதிப்பீட்டாளர்களுக்கு இது வெறும் தொழில். இவருக்கு மதம். அந்த ஏப்ரல் ஒன்றாம் தேதி உலகம் உச்சியில் இருந்தது, மறுநாள் காலையிலிருந்து சரிவு என்று மனதார நம்பினார். "அன்னைக்கு வெண்டைக்காயை ஒடிச்சா சத்தம் கேக்கும் சார். இப்ப வளையுது" என்பார். மனைவி காபி கொண்டுவரும் நேரம் பார்த்து, "இவளும் எண்பத்தொண்ணு வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்றார். அந்த அம்மாள் டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"இவருக்கு அந்தக் கவலையே இல்லீங்க. அன்னைக்கும் மதிப்பு கிடையாது, இன்னைக்கும் கிடையாது."

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் யோக்கியத்தனத்தால். வடவாற்றுப் பக்கம் இருந்த அப்பாவின் வீட்டை, மஸ்கட்டிலிருந்து திரும்பிய காதர் பாய் வாங்கினார். முழுத் தொகைக்கும் காசோலை. மேஜைக்கு அடியில் எதுவும் கிடையாது. சந்துக்குள் இருந்ததால் அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாகத்தான் விலை போயிற்று. அந்த மதிப்போ தெருவுக்கு ஒன்று. தெரு முனை நகைக்கடைக்கும் எங்கள் சந்துக்கும் ஒரே ரேட். வரி அதிகாரி அந்தத் தொகையையே நான் வாங்கியதாக வைத்து வரி போட்டார்.

"அவ்வளவு வரலீங்க சார்" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றார்.

ஜில்லா முழுவதும் பண்ணிய திருட்டுக்கு நான் ஒருவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வராத பணத்துக்கு வரி கட்டினால் தங்கையின் பாகத்தில்தான் கை வைக்க வேண்டும். அவளோ அதை நம்பித் திருச்சியில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள்.

ஆட்சேபித்தேன். வரி இலாகாவின் மதிப்பீட்டு அதிகாரி வீட்டைப் பார்வையிட வந்தார். முதல் நாளே எண்பத்தொண்ணு எச்சரித்திருந்தார்: "நீங்க வாயே திறக்கக் கூடாது. மூஞ்சியை சோகமா வெச்சுக்கிட்டு நின்னா போதும். உங்களுக்கு அது இயற்கையாவே இருக்கு."

நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "குனிஞ்சு வாங்க சார். கட்டினவருக்கு மனுஷன் உயரம் தெரியாது." அதிகாரி எழுதிக்கொண்டார். "இதுக்குப் பேரு கூடமாம். ரெண்டு எருமை நின்னா மூணாவது வெளியில." எழுதிக்கொண்டார். "அடுப்புப் புகை நேரா சாமி ரூமுக்குத்தான் போகும். சாமி என்னைக்கோ காலி பண்ணிட்டார்."

சாவியோடு வந்திருந்த காதர் பாய்க்கு முகம் வெளுத்தது. "என்னங்க, விக்கிறப்ப இதெல்லாம் சொல்லவே இல்லையே?" என்று என் காதைக் கடித்தார். நான் சோகமாக நின்றேன்.

பிறகு எண்பத்தொண்ணு தூணைத் தட்டினார். "இது மரமா சார்? எவனோ ஒரு ஏமாளி தலையில கட்டின விறகு."

அந்தத் தூண்களுக்காக அப்பா நாகப்பட்டினத்துக்கு மூன்று முறை போய்வந்தவர்.

"யாருய்யா ஏமாளி?" என்று கத்திவிட்டேன். "அசல் பர்மா தேக்கு! அம்பது வருஷமா மயிரிழை விரிசல் கிடையாது. நீங்களே தட்டிப் பாருங்க சார்!"

அதிகாரி தட்டிப் பார்த்தார். 'பர்மா தேக்கு, நான்கு தூண்கள், விரிசல் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். காதர் பாய் முகத்தில் ரத்தம் திரும்பியது. அது என் முகத்திலிருந்து போன ரத்தம்.

எண்பத்தொண்ணு அசரவில்லை. "நல்லா எழுதிக்கங்க சார். அம்பது வருஷம்னா எண்பத்தொண்ணுலயும் இதே தூண்தானே நின்னுருக்கும்? நீங்களே தேக்குன்னு எழுதியாச்சு. அப்ப அன்னைக்கு மதிப்பையும் ஏத்துங்க."

அதிகாரி தன் பேனாவைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தூணால் இன்றைய மதிப்பு கொஞ்சம் ஏறியது; அன்றைய மதிப்பு, விலைவாசிக் கணக்கில் பெருகி, அதைவிட ஏறியது. உத்தரவு வந்தபோது வரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தங்கையின் பாகம் தப்பித்தது.

நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். எதிர்பார்த்ததுபோலவே திட்டு கிடைத்தது. "வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? நம்ம ஊர்த் தலையாட்டிப் பொம்மை இருக்கே, அதுக்கு இருக்குற அடக்கம்கூட உங்களுக்கு இல்ல." பிறகு குரல் இறங்கியது. "இத்தனை வருஷமா நான் திட்டத் திட்ட வீட்டுக்காரங்க பக்கத்துல நின்னு ஆமாம் போடுவாங்க. சில பேர் எடுத்துக்கூடக் கொடுப்பாங்க. அப்பன் கட்டின வீட்டுக்காக என்னோட சண்டைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். அவருடைய சொந்த வீட்டில் பாதி மதில் சரிந்துகிடந்தது. ஓடுகளுக்கு நடுவே புல் முளைத்து ஆடியது. திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது. எனக்கு மனசு வரவில்லை.