செத்துக் கிடந்தவருக்குப் பொன்னாடை

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே கலை பொன்னாடை போர்த்துவது. திருச்சியில் எங்கள் காலனி மன்றத்துக்குச் செயலாளராக இருந்தபோது பேச வந்தவர், பாட வந்தவர், மைக் கட்ட வந்தவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. அந்தத் திறமையோடு அமெரிக்கா வந்ததுதான் வினை.

தொண்ணூறுகளின் நடுவில் சான்டா கிளாராவில் வேலை. என் கிரீன் கார்டுக்கு மேனேஜர் டக் சரி சொல்ல வேண்டும். அவரோ ஓபரா என்கிற மேற்கத்திய இசைநாடகத்தில் பைத்தியம். கோடை வந்துவிட்டால் லஞ்சில் எதிரே உட்கார்ந்துகொண்டு, இந்த சீசனில் பார்த்தே தீர வேண்டிய பழைய ஓபராக்களை ஒவ்வொன்றாகக் கதையோடு சொல்வார். ஒன்றில் கதாநாயகி காசநோயில் சாவாள், இன்னொன்றில் கத்திக்குத்தில், மற்றொன்றில் விஷம் குடித்து. எந்தச் சாவு எந்தக் கதை என்று எனக்குக் குழம்பிவிடும். ஆனாலும் "ஐ லவ் ஓபரா" என்று சொல்லிவைத்தேன். (கிரீன் கார்டுக்காகப் பனிச்சறுக்கைக்கூட லவ் பண்ணியிருப்பேன்.)

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்குக்கு வா. என் மனைவி லிண்டாதான் கதாநாயகி" என்றார் டக்.

என் மனைவி மாலதி பரபரப்பானாள். "மேனேஜர் வைஃப் பாடறாங்க, வெறுங்கையோடவா போறது?"

"பொக்கே வாங்கிக்கலாமா?"

"அதை எல்லாரும் குடுப்பாங்க. ஊர்ல உங்களுக்கு ஃபேர்வெல்ல போட்ட பொன்னாடை பெட்டியிலேயே கிடக்கு. அதை எடுத்துக்குங்க. நல்லா இம்ப்ரெஸ் ஆயிடுவாங்க."

பார்க்கில் புல்வெளி, மரமேடை. ஜமுக்காளம் விரித்து, புளியோதரை டப்பாவைத் திறந்து உட்கார்ந்தோம். பாட்டு முழுக்க இத்தாலியனில். "அந்தத் தாடிக்காரர் அப்பாவா, வில்லனா?" என்றாள் மாலதி. நான் அவரை அதுவரை ஹீரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லிண்டா இருமினார், பாடினார், மறுபடி இருமினார். இவ்வளவு இருமலோடு எப்படி இவ்வளவு உச்சியில் பாடுகிறார் என்று வியந்துகொண்டிருக்கும்போதே பொத்தென்று விழுந்து செத்துப்போனார். வாத்தியங்கள் நின்றன. கூட்டம் எழுந்து கைதட்டியது.

எங்கள் மன்றத்தில் கூட்டம் எழுந்து நின்றால் கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். கலைஞர் மேடையை விட்டு இறங்குவதற்குள் போர்த்திவிட வேண்டும்.

"போங்க, போங்க! வேற யாராவது முந்திக்கப் போறாங்க!" என்று மாலதி என்னைத் தள்ளினாள்.

மேடையேறிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. அதுவரை நான் நின்றவருக்கும் உட்கார்ந்தவருக்கும்தான் போர்த்தியிருக்கிறேன். லிண்டா எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. வேறு வழி தெரியாமல் மண்டியிட்டு, கழுத்திலிருந்து பாதம் வரை பொன்னாடையை இழுத்துப் போர்த்தி, கைகூப்பி, பழக்கதோஷத்தில் போட்டோகிராபரைத் தேடினேன்.

அப்போதுதான் வாத்தியங்கள் மறுபடி ஆரம்பித்தன. ஓரத்திலிருந்து ஓடிவந்த நிஜ ஹீரோ என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். அவர் அழுது பாட வேண்டிய பாட்டு இன்னும் பாக்கியாம்! செத்துக் கிடந்த லிண்டா ஒரு கண்ணை மட்டும் திறந்து "கோ!" என்று சீறினார். நான் எழுவதற்குள் ஹீரோ பக்கத்தில் சரிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாட்டு முழுவதையும் என்மேல் சாய்ந்தே பாடினார். நானும் அழுதேன், கிரீன் கார்டை நினைத்து. புல்வெளியில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை டக் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். கதவைச் சாத்தினார். பிறகு, "அடுத்த ஞாயிறும் வர முடியுமா என்று லிண்டா கேட்கச் சொன்னாள். அந்தச் சால்வையோடு" என்றார். திட்டுகிறாரா, கூப்பிடுகிறாரா? எதற்கும் இருக்கட்டும் என்று "சாரி, தேங்க் யூ" இரண்டையும் சொன்னேன். அந்தக் கோடை முடியும்வரை ஞாயிறுதோறும் லிண்டா செத்தார், நான் போர்த்தினேன். கிரீன் கார்டும் வந்தது. அது என் வேலைக்காகவா, போர்த்தியதற்காகவா என்று டக்கிடம் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு பிறந்தவள் எங்கள் மகள். ஆனால் நேரில் பார்த்தவள்போல, நான் சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், போர்வையைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்திவிட்டுக் கைகூப்புவாள். "அம்மா, அப்பா இஸ் டெட்!"

சமையலறையிலிருந்து மாலதியின் குரல் வரும். "அவசரப்படாதடி, இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கும்."

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கோ!" என்பேன்.