ஏனெண்டாலாரின் சாட்சி

திருகோணமலைத் துறைமுகக் கரையில் கடவுளை ஒப்புக்கொள்ளாமல் ஒருவரும் படகு திருத்த முடியாது. போன வருடம் வரைக்கும் அதுதான் சட்டம். சட்டம் போட்டது அரசாங்கம் இல்லை, ஏனெண்டாலார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைத் தேடவில்லை. ஃபைபர் படகுகளின் ஓட்டையை ரெசின் பூசி அடைப்பது அவர் தொழில். கிறிஸ்தவ வேதத்தை ஏன் நம்பவேண்டும் என்று காரணம் சொல்வது அவர் உயிர். எந்தக் காரணத்தையும் "ஏனெண்டால்..." என்று இழுத்துத்தான் தொடங்குவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளிவெட்டியிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்து மூன்று படகும் ஒரு ஐஸ் கடையும் போட்டவன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை. என் கடையில் மின்விசிறி உண்டு, இருக்கக் கதிரைகள் உண்டு, வருகிறவருக்குத் தேத்தண்ணி இலவசம். அவருடைய கொட்டிலில் தகரக் கூரை, வெக்கை, மூக்கை அரிக்கிற ரெசின் மணம். கூட்டம் எங்கே? அங்கே. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் எரிகிறது.

அவர் வேலை செய்கிற முறையே தனி. ரெசினில் இறுக்கும் மருந்தைக் கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். மற்றவர்கள் கலந்ததும் பூசுவார்கள். இவர் கலந்ததும் கேள்வி கேட்பார்.

"தம்பி, இந்தப் படகு தானா முளைச்சதோ?"

"இல்லை அண்ணை. ஆரோ செய்து வித்தது."

"அப்ப இந்தத் துறைமுகம்? காத்து அடிக்காமல் சுத்திவர மலையை வைச்சு, பெரிய கப்பல் வாற ஆழமும் விட்டு... இது மட்டும் தானா வந்ததோ? ஏனெண்டால்..."

காரணம் முடிய, வாளியில் ரெசினும் இறுகியிருக்கும். பிரஷ் அதற்குள் நட்ட கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். சுரண்டிப்போட்ட படகை விட்டுவிட்டு அதன் சொந்தக்காரன் எங்கே போவான்? புதிதாய்க் கலக்க வேண்டும், இரண்டாவது காரணம் தொடங்கும். "ஓம் அண்ணை, கடவுள் இருக்கிறார், நீங்கள் பூசுங்கோ" என்று கும்பிட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் விடமாட்டார். "அவசரத்துக்கு நம்பக்கூடாது தம்பி. காரணத்தோட நம்பவேணும்."

என்னால் பொறுக்க ஏலாமல் போனது ஹனீபா நானாவின் விஷயத்தில். அவர் குறிஞ்சாக்கேணி மீன் வியாபாரி, என் பழைய கூட்டாளி. காலையில் என் கடைக் கதிரையில் இருந்து என் கதை கேட்டவர். அவரும் அந்தக் கொட்டிலுக்குப் போகத் தொடங்கினார்.

"நானா, உங்களுக்கு அங்க என்ன வேலை?"

"படைச்சவன் ஒருத்தன் எண்டதில எனக்கும் அவருக்கும் சண்டையில்ல முதலாளி. மிச்சத்தில நல்ல சண்டை இருக்கு. அதுக்குத்தான் போறன்."

"என்னோட சண்டை பிடிக்கலாமே?"

"உங்களோட என்னத்தைப் பிடிக்கிறது? நீங்கள் ஒரே கதையைத்தானே சொல்லுறியள்."

அந்த ஒரே கதை சாதாரணக் கதை இல்லை. முதல் படகு வாங்கிய புதிதில் தனியே கடலுக்குப் போனேன். மண்ணெண்ணெய் விட மறந்து போனேன், வெளிச்சவீட்டுக்கு அப்பால் எஞ்சின் நின்றுவிட்டது. தென்னை உயர அலையில், ஒரு பலகையால் வலித்து வலித்துத் துறைமுக வாய்க்குள் வந்து சேர்ந்தேன். அன்றைக்கு உரிந்த கைத்தோலில்தான் இந்த மூன்று படகும் வந்தன. இதைச் சொன்னால் கரையில் சிரிப்பார்கள். "முதலாளி, போன மாசம் அது பலகை இல்லை, ஐஸ்பெட்டி மூடியல்லோ?"

இரண்டாயிரம் வருடப் பழைய கதையை அந்த மனிசன் சொன்னால் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். உயிரோடு முன்னால் நின்று நான் சொல்லும் கதைக்குச் சிரிப்பு.

ஒருநாள் அவரை மடக்குவதற்கென்றே போனேன். என் படகில் ஒரு வெடிப்பும் இருந்தது, அது சாட்டு.

"உங்கட வேதத்தில நாலு பேர் நாலு மாதிரி எழுதியிருக்கினமாம். உங்கட ஆண்டவரின்ர கல்லறையில ஒரு தூதன் எண்டு ஒருத்தர், ரெண்டு தூதன் எண்டு இன்னொருத்தர். இதை எப்பிடி நம்புறது?"

மனிசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"நாலு பேரும் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னால் பொலிஸ்காரனே நம்பமாட்டான். கூடியிருந்து கட்டினது எண்டுவான். பொய் கட்டுறவன் தன்னை வீரனாக்குவான். இதில சீஷருக்குத் தலைவரா இருந்த பேதுருவே ஒரு வேலைக்காரப் பெட்டைக்குப் பயந்து, தன்ர ஆண்டவரையே தெரியாது எண்டிட்டார். அந்தக் காலத்தில பெம்பிளையளின்ர சாட்சிக்கு மதிப்பில்லை. ஆனால் ஆண்டவர் உயிர்த்தபிறகு வெறுமையாக் கிடந்த கல்லறையை முதல் கண்டது பெம்பிளையள் எண்டு எழுதியிருக்கு. கட்டுறதெண்டால் இப்பிடியோ கட்டுவினம்?"

கூட்டம் தலையாட்டியது. நான் எறியக் கொண்டுபோன கல்லை வாங்கி அவர் மதில் கட்டிவிட்டார். ரெசினும் இறுகிப்போனது.

பிறகுதான் பொன்னாடை விஷயம் வந்தது. கடலோடு போராடி உயர்ந்த ஒருவரை விழாவில் கௌரவிக்க மீனவர் சங்கம் யோசித்தது. என் பெயர் முன்மொழியப்பட்டது. முன்மொழிந்தது நான்தான், வேறு ஆருக்கும் அந்த யோசனை வரவில்லை. கூட்டம் ஏனெண்டாலாரின் கொட்டிலிலேயே நடந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "முதலாளி உழைச்சு வந்தவர், ஒத்துக்கொள்ளுறம். ஆனால் அந்தக் கடல் கதைக்கு ஒரு சாட்சியும் இல்லையே. மாசத்துக்கு ஒரு மாதிரிச் சொல்லுறார்."

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னாடை போனால் போகட்டும். என் வாழ்க்கையே அந்தக் கதையில்தான் நிற்கிறது. அது பொய் என்று கூட்டம் கூடி முடிவெடுத்தால் பிறகு நான் ஆர்?

ஏனெண்டாலார் மருந்து கலந்த வாளியோடு எழும்பினார். நான் அவரை மடக்கப் போன நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

"நான் நம்புறன்" என்றார். "ஏனெண்டால், பலகை மாறுது, மூடி மாறுது, அலை வளருது. எஞ்சின் நிண்டதும் வலிச்சு வந்ததும் ஒருநாளும் மாறேல்லை. மற்றது, எஞ்சின் ஏன் நிண்டதெண்டு இவர் சொல்லுறவர்?"

"மண்ணெண்ணெய் விட மறந்து போனாராம்" என்றார் ஹனீபா நானா.

"இந்தக் கரையில இவரைவிடப் பெரிய புழுகர் இல்லை. எஞ்சின் பழுதெண்டு ஒரு புழுகு விட இவருக்குத் தெரியாதோ? தன்ர மடத்தனத்தை ஒவ்வொரு முறையும் விடாமல் சொல்லுறார். நடந்தபடியால்தான் சொல்லுறார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, நேரத்துக்கு ரெசினைப் பூசத் தொடங்கினார். அவ்வளவு சுருக்கமாய் அவர் கதைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய புழுகர் என்று சபையில் சொன்னதற்காக ஒரு கிழமை அவருக்கு நான் முகம் கொடுக்கவில்லை. அது வேறு கதை.

போன மாரியில் நெஞ்சுக்குள் நோகுது என்று படுத்தார், எழும்பவில்லை. அடக்கத்துக்கு வந்த சனத்தைப் பார்த்து அன்றைக்கும் எனக்குப் பொறாமைதான். ஹனீபா நானா திரும்ப என் கதிரைக்கு வந்துவிட்டார். என் கதையை முழுதாய்க் கேட்கிறார், குறுக்கே ஒன்றும் கேட்பதில்லை. அது நன்றாயில்லை.

என் கதையை அந்த மனிசன் நம்பினார். அவருடைய கதை எனக்கு இன்னும் முழுதாய்ப் பிடிபடவில்லை. ஆனால் அது உண்மையாய் இருக்கவேண்டும், அவர் எங்கேயாவது இருந்து ஆரையாவது மறித்துவைத்துக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று, காலையில் கடை திறக்கும்போது அவருடைய கடவுளிடமே கேட்டுக்கொள்கிறேன்.