பத்திநாதர் கேட்ட வெளிச்சம்

தவறான அறைக்குள் வந்துவிட்டோம் என்று பத்திநாதருக்குப் பட்டபோது அவருடைய சப்பாத்துகள் வாசலில் இருந்தன. அவருடைய கையோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கைக்குள் இருந்தது.

"நான் செலீன். வாருங்கள், உட்காருங்கள்," என்று அவள் பிரெஞ்சில் கிசுகிசுத்தாள்.

உள்ளே அரையிருட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருந்து கண்ணை மூடியிருந்தார்கள். எங்கோ ஒரு ஸ்பீக்கரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை, தியான வகுப்பு.

அவர் தேடி வந்தது வேறு. லொங்குய் நகரில் தன் வீட்டின் மூன்று அறைகளை அவர் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். வருகிற ஒவ்வொருவரிடமும் வாடகையோடு தங்குமிட வரியும் வாங்கி அரசுக்குக் கட்டுகிறார். சுற்றுலாவை வளர்க்கவென்று அந்தக் காசு வட்டாரச் சங்கத்துக்குத் திரும்பி வரும். இந்த வருடம் அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டம் இன்று பின்னேரம், இதே கட்டடத்தில்.

பத்திநாதருக்கு வேண்டியது, பஸ் தரிப்பிலிருந்து தன் வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்கு இரண்டு லைட். போன கிழமை ஒரு பெல்ஜியக்காரர் இருட்டில் பக்கத்து வீட்டுக்குள் போய், அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, அங்கேயே படுத்தும்விட்டார். காலையில் அந்த வீட்டைத்தான் இணையத்தில் புகழ்ந்து எழுதினார்.

"லைட் இல்லாமல் வந்தியளெண்டா நீங்களும் அங்கயே போய்ப் படுங்கோ," என்று மனைவி றெஜினா சொல்லி அனுப்பியிருந்தாள்.

பத்திநாதர் மெல்ல எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தார். காலுறை வழுக்கியது. கண்மூடியிருந்த ஒரு தாடிக்காரரின் மடியில் போய் இருந்தார்.

"உங்கள் மனம் அலைகிறது," என்றாள் செலீன் கனிவாக. "நீங்களே தொடங்குங்கள். கண்ணை மூடுங்கள். இந்த ஊருக்கு முதன்முதலாக வருகிறீர்கள். என்ன தெரிகிறது?"

எதையாவது சொன்னால் விட்டுவிடுவாள். தன் கதிரைக்குத் திரும்பிக் கண்ணை மூடினார். காலையிலிருந்து பனி அள்ளிய உடம்பு. கதிரை மெத்தென்றிருந்தது. தண்ணீர்ச் சத்தம் காதுவழியே இறங்கி எங்கேயோ போனது.

"ஆறு," என்றார் தெரிந்த பிரெஞ்சில். "உறைஞ்சு கிடக்கு. அதுக்கு மேல ஒரு படகு."

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"படகில் யார்?"

"எல்லாரும்." அதோடு முடியும் என்று நினைத்தார்.

"எல்லாரும் என்ன செய்கிறார்கள்?"

"சூப் குடிக்கினம்."

"சூடாகவா?"

"ஓம், நல்ல சூடு."

சொல்லச் சொல்ல அவருக்கே தெரியத் தொடங்கியது. படகு பனிக்கட்டியின் மேல் சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. கிண்ணங்களிலிருந்து எழுந்த ஆவி பாயாக விரிந்தது. வானத்து வெள்ளிகள் எட்டிப் பிடிக்கும் உயரத்துக்கு இறங்கி நின்றன. வாடகை, வரி, பெல்ஜியக்காரர், றெஜினா எல்லாரும் கரையில் நின்று கைகாட்டிச் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

"கரைக்கு வரும் வழியில் விளக்குகள் உண்டா?" தாடிக்காரரின் குரல் வெகு தூரத்திலிருந்து கேட்டது.

"விளக்கோ?" பத்திநாதர் கண்ணைத் திறக்காமல் சிரித்தார். "ஒண்டும் வேண்டாம். இருட்டுத்தான் வடிவு. வாற ஆக்கள் கொஞ்சம் வழி தவறித்தான் வரட்டுமே."

மூலையில் கணினியை மடியில் வைத்திருந்த ஒரு தமிழ்ப் பெண் விறுவிறென்று தட்டினாள். செலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். மூச்சுப் பயிற்சியாக்கும் என்று பத்திநாதரும் உயர்த்தி, ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். தாடிக்காரர் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

வெளியே வந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. சப்பாத்துக்குள் காலை விடும்போதுதான் லைட் ஞாபகம் வந்தது. ஓடினார். ஒரு கதவைத் திறந்தார், கராத்தே. அடுத்ததைத் திறந்தார், பிரெஞ்சு வகுப்பு. வாத்தியார் அவரைப் பிடித்து இருத்தப் பார்த்தார். தப்பி மறுபடி நடைபாதைக்கு வந்தபோது கணினிப் பெண் எதிரே வந்தாள். கழுத்து அட்டையில் வித்தியா என்று இருந்தது.

"பிள்ளை, அந்த வரிக்காசுக் கூட்டம் எந்த அறையில? நான் தெரியாமல் தியானத்துக்குள்ள மாட்டுப்பட்டுப் போனன்."

வித்தியா சிரித்தாள்.

"என்ன அங்கிள், பகிடியா? இவ்வளவு நேரமும் நீங்கள் இருந்தது அந்தக் கூட்டம்தானே! புது யோசனை வரட்டும் எண்டுதான் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னவ. காசு முழுக்க உங்கட படகுக்கு, ஒழுங்கையளில ஒரு லைட்டும் போடுறேல்லை எண்டு நீங்களும் கை தூக்கித்தானே முடிவெடுத்தது!"